அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கும், வாங்கிவிட்டு ஊர் திரும்பியவர்களுக்கும் இந்தப் பக்கம். சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகத்தைச் சுருக்கமாக எஸ்எஸ்ஏ என்கிறோம். வேறு ஆண்டு குறிப்பிடாத இடங்களில் டாலர் தொகைகளும் வரம்புகளும் 2026ஆம் ஆண்டுக்குரியவை. பெரும்பாலானவை ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும்.

எஸ்எஸ்ஏ எந்த அமைச்சகத்தின் கீழ் வருகிறது?

எதன் கீழும் இல்லை. 1935 ஆகஸ்ட் 14 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தின்படி முதலில் சோஷியல் செக்யூரிட்டி போர்டு அமைந்தது. 1946இல் அது இன்றைய பெயருக்கு மாறியது. பல ஆண்டுகள் சுகாதாரத் துறைக்குள் இருந்துவிட்டு, 1995 மார்ச் 31 முதல் தனி அமைப்பாக இயங்குகிறது. தலைமையகம் மேரிலாந்து மாநிலத்தில், பால்டிமோரை ஒட்டிய வுட்லானில் இருக்கிறது.

தலைமைப் பொறுப்பு கமிஷனருடையது. அதிபர் நியமிப்பார், செனட் ஒப்புதல் தர வேண்டும், பதவிக்காலம் 6 ஆண்டுகள். தகுந்த காரணமின்றி நீக்கக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் 2021இல் பைடன் அப்போதைய கமிஷனரை நீக்கியதிலிருந்து அந்த விதிக்குப் பெரிய பலம் இல்லை. வரி விகிதம், ஓய்வு வயது, பலன் கணக்கிடும் சூத்திரம் எல்லாம் நாடாளுமன்றம் எழுதிய சட்டத்தில் இருப்பவை; கமிஷனர் நினைத்தாலும் அவற்றில் கை வைக்க முடியாது.

உள்ளே எந்தப் பிரிவு என்ன செய்கிறது?

பொதுமக்கள் பார்ப்பது கிளை அலுவலகங்களை மட்டும்தான். நாடு முழுக்கச் சுமார் 1,200 இருக்கின்றன. விண்ணப்பம் வாங்குவதும் ஆவணம் சரிபார்ப்பதும் அங்கே. 10 ஆக இருந்த மண்டலங்களை 2025இல் 4 ஆகக் குறைத்தார்கள்.

சிக்கலான கணக்குகள் கிளையில் முடியாது, பேமெண்ட் சென்டர் எனப்படும் செயலாக்க மையங்களுக்குப் போகும். "எங்கள் பக்கம் வேலை முடிந்தது, பேமெண்ட் சென்டரில் இருக்கிறது" என்று கிளை ஊழியர் சொன்னால், பெரும்பாலும் அவர் தட்டிக்கழிக்கவில்லை. கோப்பு உண்மையிலேயே அவர் கையில் இல்லை. அந்த மையத்துக்கு நினைவூட்டல் அனுப்பச் சொல்லி, அனுப்பிய தேதியைக் குறித்துக்கொள்வதுதான் அப்போது செய்யக்கூடியது.

முதலாளி தரும் ஆண்டுச் சம்பள அறிக்கையான டபிள்யூ-2வின் காகிதப் படிவங்கள் பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பாரி மையத்துக்குப் போகின்றன. மேல்முறையீடுகளை விசாரிக்கும் நிர்வாக நீதிபதிகள் தனிப் பிரிவு. அவர்களுக்கு மேலே இருப்பது அப்பீல்ஸ் கவுன்சில். தலைமை ஆக்சுவரி அலுவலகம் நிதியின் எதிர்காலத்தைக் கணிக்கிறது, இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் மோசடிகளை விசாரிக்கிறது.

எதற்கெல்லாம் எஸ்எஸ்ஏவிடம் போய்ப் பயனில்லை?

பாதி அலைச்சல் இது தெரியாததால்தான் வருகிறது. சம்பளத்தில் வரி பிடிப்பதும், தவறாகப் பிடித்ததைத் திருப்பித் தருவதும் வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸின் வேலை. மாதப் பணத்தை வங்கிக்கு அனுப்புவது கருவூலத் துறை. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் சேர்த்துக்கொள்வது எஸ்எஸ்ஏ, ஆனால் மருத்துவமனை பில் தகராறு சிஎம்எஸ் என்ற வேறொரு அமைப்புக்கு. டிஸெபிலிட்டி, அதாவது நோயாலோ ஊனத்தாலோ வேலை செய்ய முடியாதவருக்கான பலன், கேட்கும் விண்ணப்பத்தில் மருத்துவ முடிவை எடுப்பது மாநில அரசின் டிடிஎஸ் (டிஸெபிலிட்டி டிடர்மினேஷன் சர்வீசஸ்) அலுவலகம். அதற்கான முழுச் செலவையும் மத்திய அரசு கொடுக்கிறது. விசா நிலையைப் பதிவில் வைத்திருப்பது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. அங்கே பிழை இருந்தால் எஸ்எஸ்ஏ கவுண்டரில் எவ்வளவு நேரம் நின்றாலும் தீராது.

எஸ்எஸ்ஏவின் சொந்தச் சரக்கு என்றால் இரண்டுதான்: ஒன்பது இலக்க எண், அதன் கீழ் ஆண்டுவாரியாக எழுதப்படும் வருமானப் பதிவு. ஓய்வூதியம், டிஸெபிலிட்டி, இறந்தவரின் குடும்பத்துக்கான பலன் மூன்றும் அந்தப் பதிவிலிருந்துதான் கணக்கிடப்படுகின்றன.

சம்பளத்தில் பிடிக்கும் பணம் எங்கே போகிறது?

ஊழியரிடம் 6.2%, முதலாளியிடம் 6.2%. சுயதொழில் செய்தால் 12.4% முழுவதும் உங்கள் பொறுப்பு. ஒவ்வொரு 6.2%இலும் 5.3 ஓய்வூதிய நிதிக்கும் 0.9 டிஸெபிலிட்டி நிதிக்கும் போகிறது. மெடிகேருக்கான 1.45% தனி. இந்த 6.2% வரி 184,500 டாலர் சம்பளம் வரைதான். ஆகவே ஓர் ஊழியர் ஆண்டுக்குக் கட்டும் உச்சம் 11,439 டாலர். ஆண்டு நடுவில் வேலை மாறினால் புதிய நிறுவனம் பூஜ்ஜியத்திலிருந்து பிடிக்க ஆரம்பிக்கும். இரண்டும் சேர்ந்து உச்சத்தைத் தாண்டினால் அதிகமான தொகையை 1040 வரி அறிக்கையில் கேட்டு வாங்கலாம். முதலாளியின் பங்கு திரும்பாது.

உங்கள் பெயரில் தனிக் கணக்கு எதுவும் கிடையாது. வரும் பணம் இன்றைய ஓய்வூதியர்களுக்குப் போகிறது, மிச்சம் இருந்தால் கருவூலத்தின் சிறப்புக் கடன் பத்திரங்களில் சேர்கிறது.

2033இல் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்களே?

தீரப்போவது சேமிப்பு. வரி வருவது நிற்காது. அறங்காவலர்களின் 2025ஆம் ஆண்டு அறிக்கைப்படி ஓய்வூதிய நிதியின் கையிருப்பு 2033இல் காலியாகும். அதன் பிறகு வருகிற வரியைக் கொண்டு 77% பலனைத் தர முடியும். அதற்குள் நாடாளுமன்றம் வரியையோ வயதையோ மாற்றுமா என்பது அரசியல். "ஒன்றுமே கிடைக்காது" என்று நினைத்து 62 வயதிலேயே அவசரமாக வாங்கத் தொடங்குவது நல்ல கணக்கல்ல.

புதிதாக எச்-1பியில் வந்தவர் எண் வாங்குவது எப்படி?

படிவம் எஸ்எஸ்-5, கட்டணம் இல்லை. கடவுச்சீட்டும், நாட்டுக்குள் வந்ததற்கான ஐ-94 பதிவும் தேவை. கடவுச்சீட்டின் அசலைத்தான் கொண்டுபோக வேண்டும். நோட்டரி கையெழுத்திட்ட நகல் செல்லாது. நாட்டுக்குள் வந்து சுமார் 10 நாள் கழித்துப் போவது நல்லது. இறங்கிய மறுநாளே போனால் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கணினியில் உங்கள் வருகை ஏறியிருக்காது. கைமுறைச் சரிபார்ப்புக்குப் போய் வாரக்கணக்கில் இழுக்கும்.

வேலை அனுமதி இல்லாத எச்-4 துணைவருக்குப் பொதுவாக எண் கிடைக்காது. வரி அறிக்கையில் அவரைச் சேர்க்க ஐஆர்எஸ் தரும் ஐடிஐஎன் எண் வேண்டும். வேலை அனுமதி கிடைத்ததும் சோஷியல் எண்ணுக்கு விண்ணப்பிக்கலாம்.

தற்காலிக விசாவில் இருப்பவரின் அட்டையில் "உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அனுமதி இருந்தால் மட்டும் வேலைக்குச் செல்லும்" என்ற பொருளில் ஒரு வரி அச்சாகியிருக்கும். கிரீன் கார்டோ குடியுரிமையோ வந்ததும் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். தானாக மாறியிருக்கும் என்று விட்டுவிட்டால், அடுத்த வேலையில் முதலாளி வேலை அனுமதியைச் சரிபார்க்கும் இ-வெரிஃபை சோதனையின்போது பழைய நிலை எட்டிப் பார்க்கும். மாற்று அட்டை ஆண்டுக்கு 3, வாழ்நாளில் 10 என்று வரம்பு உண்டு. சட்டபூர்வப் பெயர் மாற்றமும், அட்டையில் அச்சான அந்த வாசகத்தை மாற்றுவதற்கான அட்டையும் இந்தக் கணக்கில் சேராது.

இனிஷியல் வைக்கும் நம் பெயர் வழக்கத்தால் என்ன சிக்கல்?

நிறையவே. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். விசாவில் முதல் பெயர் தெரியாது என்று எஃப்என்யூ போட்டிருப்பார்கள். நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு அப்பா பெயரைக் கடைசிப் பெயராக நிரப்பும். எஸ்எஸ்ஏ குடியேற்ற ஆவணத்தைப் பார்த்து அட்டை அடிக்கும். நான்கு இடத்தில் நான்கு விதமாகப் பெயர் உட்கார்ந்துவிடும்.

ஆண்டுதோறும் டபிள்யூ-2 வரும்போது எஸ்எஸ்ஏ கணினி எண்ணையும் பெயரையும் ஒப்பிடுகிறது. எப்படியும் பொருந்தவில்லை என்றால் அந்த ஊதியம் யார் கணக்கிலும் ஏறாமல் "சஸ்பென்ஸ் ஃபைல்" எனப்படும் கிடங்குக்குப் போகிறது. 1937இலிருந்து இப்படி அங்கே சேர்ந்துகிடக்கும் ஊதியம் ஒரு ட்ரில்லியன் டாலருக்கும் மேல். வரி பிடித்தது பிடித்ததுதான், பதிவில் மட்டும் அந்த ஆண்டு பூஜ்ஜியம்.

அட்டையில் அச்சாகியிருப்பது எதுவோ அதுவே சம்பளப் பட்டியலிலும் இருக்கட்டும், ஓர் எழுத்துகூட மாறாமல். அட்டையே தவறென்றால் முதலில் குடியேற்ற ஆவணத்தைத் திருத்துங்கள். அதைக் காட்டி அட்டையைத் திருத்தலாம். நடுப் பெயரை எஸ்எஸ்ஏ சட்டபூர்வப் பெயரின் பகுதியாகக் கொள்வதில்லை, அதில் சின்ன வேறுபாடு இருந்தால் கவலை வேண்டாம்.

வருமானப் பதிவில் ஓர் ஆண்டு விடுபட்டிருக்கிறது. திருத்த முடியுமா?

முடியும், ஆனால் காலக்கெடு உண்டு: சம்பளம் வாங்கிய ஆண்டு முடிந்து 3 ஆண்டு, 3 மாதம், 15 நாள். 2023இல் வாங்கிய சம்பளத்துக்கு 2027 ஏப்ரல் 15 வரை. கெடு தாண்டினாலும் சில விதிவிலக்குகள் இருக்கின்றன. உரிய காலத்தில் தாக்கல் செய்த வரி அறிக்கையோடு பதிவை ஒத்துப்போகச் செய்வது, ஒரு முதலாளி கொடுத்த ஊதியம் அடியோடு விடுபட்டிருப்பது போன்றவை. சுயதொழில் வருமானத்துக்கு அந்தச் சலுகை மிகக் குறைவு. கெடுவுக்குள் வரி அறிக்கையே போடாவிட்டால் பொதுவாக அந்த ஆண்டுக்கான கிரெடிட் (பலன் பெறும் தகுதிக்கான புள்ளி) போனதுதான்.

எஸ்எஸ்ஏ-7008 படிவத்தோடு டபிள்யூ-2 நகல், அது இல்லையென்றால் சம்பளச் சீட்டு, வரி அறிக்கை நகல் கொடுக்க வேண்டும். நிறுவனம் மூடிப்போயிருந்தால் அதன் பெயர், முகவரி, நீங்கள் வேலை பார்த்த தேதிகள். எனவே டபிள்யூ-2 காகிதங்களை ஓய்வூதியம் வாங்கும் நாள் வரை வைத்திருங்கள். ஏழு ஆண்டு வைத்தால் போதும் என்ற அறிவுரை வரிச் சோதனைக்குத்தான் பொருந்தும். முதலாளி டபிள்யூ-2 அனுப்ப ஜனவரி 31 கெடு. அதில் இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை: அந்தப் படிவத்தை முதலில் வாங்குவது ஐஆர்எஸ் இல்லை, எஸ்எஸ்ஏ. அதைப் பதிந்துகொண்டு பிறகு ஐஆர்எஸ்ஸுக்குத் தருகிறது. இணையத்தில் "மை சோஷியல் செக்யூரிட்டி" கணக்கைத் திறந்து ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள். நடப்பு ஆண்டும், சில சமயம் முந்தைய ஆண்டும் இன்னும் ஏறாமல் இருப்பது சகஜம்.

40 கிரெடிட் என்றால் 10 ஆண்டு வேலையா?

ஏறக்குறைய. ஓய்வூதியத் தகுதிக்கு 40 கிரெடிட் வேண்டும். 1,890 டாலர் சம்பாதித்தால் ஒரு கிரெடிட், ஆண்டுக்கு 4க்கு மேல் இல்லை. 7,560 டாலரை ஜனவரியிலேயே சம்பாதித்தாலும் அந்த ஆண்டின் நான்கும் உங்களுடையவை. இதனால் ஆண்டின் தொடக்கத்திலோ இறுதியிலோ சில வாரம் வேலை பார்த்தால்கூட முழு ஆண்டாகக் கணக்காகும். 36 கிரெடிட்டோடு நவம்பரில் ஊர் திரும்ப நினைப்பவர், ஜனவரி சம்பளம் வாங்கிவிட்டுக் கிளம்பினால் 40 ஆகிவிடலாம். வாங்கிய கிரெடிட் காலாவதி ஆகாது. இருபது ஆண்டு கழித்துத் திரும்பி வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

மாதம் எவ்வளவு வரும்?

ஒவ்வோர் ஆண்டுச் சம்பளத்தையும் நாட்டின் சராசரி ஊதிய உயர்வுக்கு ஏற்ப இன்றைய மதிப்புக்கு ஏற்றுகிறார்கள். அதில் உயர்ந்த 35 ஆண்டுகளைக் கூட்டி 420 மாதங்களால் வகுக்கிறார்கள். 10 ஆண்டுதான் வேலை பார்த்தீர்கள் என்றால் மீதி 25 ஆண்டும் பூஜ்ஜியமாகச் சேரும். பிறகு சூத்திரம்: 2026இல் 62 வயதாகிறவருக்கு முதல் 1,286 டாலரில் 90%, அதற்கு மேல் 7,749 வரை 32%, அதற்கும் மேல் 15%.

ஏற்றப்பட்ட மதிப்பில் ஆண்டுக்கு 120,000 டாலர் என்று 10 ஆண்டு வேலை பார்த்தவரின் மாதச் சராசரி 2,857. சூத்திரப்படி 1,157.40 கூட்டல் 502.72, அதாவது 1,660.10 டாலர். அதே சம்பளத்தில் 35 ஆண்டு உழைத்தவருக்குச் சராசரி 10,000, பலன் 3,563.20. வரி மூன்றரை மடங்கு, பலன் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். குறைந்த வருமானக்காரருக்காக எழுதிய 90% என்ற படிக்கட்டு, நடுவயதில் வந்து பத்து ஆண்டு வேலை பார்த்தவருக்கும் அப்படியே கிடைக்கிறது. முப்பத்தொன்பது கிரெடிட்டோடு கிளம்புகிறவர் எதை விட்டுப் போகிறார் என்பதை இதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்தத் தொகை முழு ஓய்வு வயதில், 1960 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு 67இல். 62இல் தொடங்கினால் 30% குறைந்து 1,162. 70 வரை காத்திருந்தால் 24% கூடி 2,058. விலைவாசிப்படி இதில் சேர்க்கவில்லை. வேறு நாட்டு ஓய்வூதியம் இருந்தால் பலனைக் குறைத்த பழைய விதி, 2025 ஜனவரி 5 அன்று கையெழுத்தான சட்டத்தோடு ஒழிந்தது.

எஃப்-1 மாணவரிடம் இந்த வரி பிடிக்கலாமா?

வரிக் கணக்கில் அயலகவாசியாக இருக்கும் முதல் 5 காலண்டர் ஆண்டுகளுக்குப் பொதுவாகப் பிடிக்கக் கூடாது, படிப்பையொட்டி வேலை பார்க்கும் ஓபிடி அனுமதிக் காலத்திலும் சரி. பிடித்திருந்தால் முதலில் முதலாளியிடம் கேளுங்கள். மறுத்தால் ஐஆர்எஸ்ஸுக்கு 843, 8316 படிவங்கள். அந்த ஆண்டுகளுக்குக் கிரெடிட்டும் இல்லை என்பது இதன் மறுபக்கம்.

இந்தியா திரும்பிவிட்டால் பணம் கிடைக்குமா? கட்டிய வரி திரும்புமா?

கட்டிய வரி திரும்பாது. அமெரிக்கா ஏறத்தாழ 30 நாடுகளோடு, கனடா, பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான், தென் கொரியா உட்பட, இரு நாட்டு வேலைக்காலத்தையும் கூட்டிக்கொள்ளும் ஒப்பந்தம் வைத்திருக்கிறது, இந்தியாவோடு இல்லை. எனவே 40க்குக் கீழே இருந்தால் இந்தியாவில் கட்டிய பிஎஃப் ஆண்டுகள் கைகொடுக்காது.

40 இருந்தால் கிடைக்கும். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் தொடர்ந்து 6 முழு மாதம் வெளியே இருந்தால் பணம் நிற்கும் என்பது பொது விதி. ஆனால் இந்தியக் குடிமகனுக்குத் தன் சொந்த உழைப்பில் 40 கிரெடிட்டோ, 10 ஆண்டு அமெரிக்க வாசமோ இருந்தால் விலக்கு உண்டு. துணைவர், பிள்ளைகள், இறந்தவரின் துணைவர் ஆகியோருக்கு இது போதாது. அவர்களும் அந்த உறவில் இருந்துகொண்டு 5 ஆண்டு அமெரிக்காவில் வாழ்ந்திருக்க வேண்டும். திருமணமாகி மூன்று ஆண்டு மட்டும் உடனிருந்த மனைவிக்கு ஊரில் இருந்தபடி பலன் வராமல் போவது இதனால்தான்.

அமெரிக்கக் குடிமகனோ, வரிக் கணக்கில் அமெரிக்கவாசியோ அல்லாதவருக்கு 85% தொகையின் மேல் 30%, அதாவது மொத்தத்தில் 25.5% அங்கேயே பிடித்துவிடுவார்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கு ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டாண்டுக்கு ஒருமுறையோ எஸ்எஸ்ஏ-7162 அல்லது 7161 கேள்வித்தாள் தபாலில் வரும். உயிரோடு இருக்கிறீர்களா, முகவரி மாறியதா என்பதுதான் சாரம். நிரப்பி அனுப்பாவிட்டால் பணம் நிற்கும். பழைய முகவரிக்கே தபால் போய்க்கொண்டிருந்ததால் நின்றவை ஏராளம். மெடிகேர் இந்தியாவில் செல்லாது.

டிஸெபிலிட்டி பலன் ஏன் இத்தனை பேருக்கு மறுக்கப்படுகிறது?

விதி கடுமையானது. குறைந்தது 12 மாதம் நீடிக்கும் அல்லது உயிர் போகும் நோயாக இருக்க வேண்டும். மாதம் 1,690 டாலருக்கு மேல் சம்பாதிக்கக் கூடாது (பார்வையற்றோருக்கு வரம்பு வேறு). பழைய வேலை மட்டுமல்ல, நாட்டில் வேறு எந்த வேலையும் செய்ய முடியாது என்று ஆக வேண்டும். பகுதி ஊனத்துக்குப் பாதிப் பணம் என்ற ஏற்பாடே இல்லை.

நடைமுறையில் சறுக்குவது வேறு இடங்களில். பார்த்த எல்லா மருத்துவர்களையும் எழுதாமல் விடுவது. டிடிஎஸ் ஏற்பாடு செய்யும் பரிசோதனைக்குப் போகாமல் இருப்பது. நோயின் பெயரை எழுதிவிட்டு எத்தனை நிமிடம் நிற்க முடியும், எவ்வளவு எடை தூக்க முடியும் என்பதை விட்டுவிடுவது. 31 வயதைத் தாண்டியவருக்குக் கடைசி 10 ஆண்டில் 5 ஆண்டு வேலை தேவை. வேலையை விட்டு ஐந்து ஆண்டு போனால் 40 கிரெடிட் இருந்தும் இந்தத் தகுதி போய்விடும். ஒப்புதல் கிடைத்தாலும், ஊனம் தொடங்கியதாக ஏற்கப்பட்ட தேதியிலிருந்து முதல் 5 முழு மாதத்துக்குப் பொதுவாகப் பலன் கிடையாது.

மறுத்துவிட்டார்கள். அடுத்து?

நான்கு படிகள்: மறுபரிசீலனை, நிர்வாக நீதிபதி முன் விசாரணை, அப்பீல்ஸ் கவுன்சில், மத்திய நீதிமன்றம். ஒவ்வொன்றுக்கும் 60 நாள். கடிதம் தேதியிட்ட 5ஆம் நாள் கைக்கு வந்ததாக எடுத்துக்கொள்வார்கள். விசாரணைக்கான சான்றுகளை 5 வேலை நாள் முன்பே தெரிவித்திருக்க வேண்டும். மேல்முறையீடு செய்யாமல் புதிய விண்ணப்பம் போடுவது பெரிய தவறு: பழைய தேதி போய், நிலுவைத் தொகையும் சுருங்கும். வழக்கறிஞர் கட்டணம் பொதுவாக நிலுவையில் 25% அல்லது எஸ்எஸ்ஏ வைத்திருக்கும் உச்சவரம்பு (2025இல் 9,200 டாலர்), எது குறைவோ அது. தோற்றால் கட்டணம் இல்லை.

அதிகமாகக் கொடுத்துவிட்டோம், திருப்பித் தா என்று கடிதம் வந்தால்?

30 நாளுக்குள் பதில் போனால் முடிவு வரும் வரை பிடித்தம் தொடங்காது. தொகையே தவறு என்றால் எஸ்எஸ்ஏ-561. தொகை சரி, ஆனால் தவறு உங்களுடையதல்ல, திருப்பிக் கட்டவும் வசதியில்லை என்றால் எஸ்எஸ்ஏ-632. இரண்டையும் சேர்த்தே போடலாம். பேசாமல் இருந்தால் 2025இல் வந்த விதிப்படி ஓய்வூதியத்தில் பாதியைப் பிடித்துக்கொள்வார்கள்.

உயிரோடு இருப்பவரை இறந்தவராகப் பதிந்துவிட்டார்களாமே?

நடக்கிறது. இறப்புத் தகவல் மாநிலங்களிடமிருந்தும் ஈமச்சடங்கு நிறுவனங்களிடமிருந்தும் வருகிறது. ஓர் இலக்கம் மாறினால் வேறொருவர் இறந்தவராகிவிடுவார். பலன் நிற்கும், வங்கிக் கணக்கும் முடங்கும். அடையாள அட்டையோடு கிளைக்கு நேரில் போக வேண்டும். பதிவைத் திருத்தியதும், இறப்புப் பதிவு தவறு என்று மூன்றாம் தரப்புக்குக் காட்டும் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். வங்கி, கடன் மதிப்பீட்டு நிறுவனங்கள், காப்பீடு என்று ஒவ்வோர் இடத்திலும் அதன் நகலைக் காட்ட வேண்டிவரும்.

பணம் எந்தத் தேதியில் வரும்?

பிறந்த தேதி 1 முதல் 10 என்றால் மாதத்தின் இரண்டாம் புதன், 11 முதல் 20 மூன்றாம் புதன், அதற்கு மேல் நான்காம் புதன். ஜனவரி மாதப் பலன் பிப்ரவரியில் வரும். ஒருவர் மாதத்தின் கடைசி நாளில் இறந்தாலும் அந்த மாதப் பலன் கிடையாது. வங்கியில் விழுந்திருந்தால் கருவூலம் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆகவே இறந்தவரின் கணக்கை உடனே மூடாமல், அந்தத் தொகையை மட்டும் தொடாமல் வைத்திருப்பது நல்லது.